மீண்டு வரும் தாயும் மறந்துபோன மக்களும்

பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை, அப்புத்தளை என்று ஊவா மாகாணத்தின் எத்திசைத் தோட்டத்திற்குச் சென்றாலும், தாய் சவூதியிலோ குவைத்திலோ பிறர் வீட்டுச் சமையலறையில் உழைத்துக்கொண்டிருக்க, அவள் பெற்ற பிள்ளைகளை அம்மாயியோ அப்பாயியோ வளர்த்துவரும் லயத்துக் காம்பராக்களைக் காண்பது அரிதன்று. பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021இல்தான் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயைத் தொட்டது. அதுவும் கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேராகி, பாதிச் சம்பளமாகிவிடும். அந்த வருமானத்தில் கடனை அடைத்து, கூரைத் தகரத்தை மாற்றி, பிள்ளையையும் படிக்கவைக்க இயலாது என்று கணக்குப் பார்த்த பின்னரே ஒருத்தி ஏஜென்சிக்காரனிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கிறாள். அவள் போவதைப் பற்றி நம்மவர் நிறையப் பேசியாயிற்று. அவள் திரும்பி வந்த பின், சொந்தப் பிள்ளைகளிடத்தில் அந்நியையாக நிற்கும் அவஸ்தையைப் பற்றிப் பேசியவர் சிலரே.

பிரிவு, இந்திய வம்சாவளியினரான இத்தோட்ட மக்களுக்குப் புதிதன்று. தேயிலையைக் கொழும்புக்கு இறக்கும் பொருட்டு 1924இல் பதுளை வரை வந்து சேர்ந்த இருப்புப்பாதையே, நாற்பதாண்டு கழிந்து, 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் விளைவாக, ஆயிரமாயிரம் குடும்பங்களைத் தலைமன்னார்த் துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளை எண்ணிப் பங்கிட்டபோது, அண்ணனுக்கு ஒரு நாடும் தங்கைக்கு வேறொரு நாடுமாக வீடுகள் பிளந்தன. வழியனுப்ப வந்தவர்களின் கதறலால் அந்தப் புகைவண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1984இல், போரின் காரணமாக இந்தியாவுக்கான கப்பலும் நின்றது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறியவர்களுக்கும் ஊவாவில் தங்கியவர்களுக்கும் இடையே கடிதம் ஒன்றே உறவாக எஞ்சியது. அன்று பிரித்தது அரசாங்கம். இன்று பிரிப்பது வறுமை. ஆனால் இன்று போகிறவள் திரும்பி வருகிறாள் என்பதில்தான் இந்தப் பிரிவின் விசேஷச் சிக்கல் இருக்கிறது.

பிள்ளையை விட்டுத் தாய் போவதை அரசு விதிகளால் சீர்செய்யப் பார்த்தது. மூதூரைச் சேர்ந்த பணிப்பெண் ரிசானா நபீக்கின் தலை 2013 ஜனவரியில் சவூதியில் துண்டிக்கப்பட்டு நாடே அதிர்ந்துபோன அவ்வாண்டிலேயே, வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்கள் குடும்பப் பின்னணி அறிக்கை பெறவேண்டும், ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தையுடையவள் போகலாகாது என்ற விதி வந்தது. பொருளாதார நெருக்கடியால் டாலருக்கு நாடு தவித்த 2022இல் அந்த ஐந்து, இரண்டாகிவிட்டது. குழந்தைக்குத் தாய் வேண்டிய காலத்தை அந்நியச் செலாவணி நிர்ணயிப்பது விசித்திரந்தான். பிள்ளையை விட்டுவிட்டுக் கொழும்புக் கடைக்குப் போகும் தகப்பனிடமோ, சம்பளத்தைச் சாராயத்தில் கரைக்கும் தகப்பனிடமோ எவரும் இத்தகைய அறிக்கை கேட்டதில்லை என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று.

இனி, அவள் வந்து சேரும் நாளைப் பார்ப்போம். இஸ்தோப்பு நிறையப் பெட்டிகள். பால்மா, சவர்க்காரம், விளையாட்டுக் கார், அளவு தப்பிப்போன சட்டைகள். போகும்போது மூன்று வயதாயிருந்த பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மறுநாட் காலையில் தாய் ஆசையோடு அவளுக்குத் தலைவாரி இரட்டைச் சடை பின்னிவிடுகிறாள். பெண் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், அடுப்படியில் இருக்கும் அம்மாயியின் முன்னே உட்கார்ந்து, ரிப்பனை அவிழ்த்துப் போட்டு, “நீயே பின்னிவிடு அம்மாயி” என்கிறாள். பின்னும்போதே, “இவுங்க எப்பப் போவாங்க?” என்றும் கேட்கிறாள். கேள்வி தாயின் காதிலும் விழுகிறது. “நா ரத்தம் சுண்டச் சம்பாரிச்சது யாருக்காக?” என்று அவள் வெடிக்கிறாள், அக்கம்பக்கத்துக் காம்பராக்களிலோ, “காசு வந்ததும் மாறிட்டா” என்ற முணுமுணுப்பு எழுகிறது.

இங்கிலாந்தில் ஜான் பௌல்பி என்ற மனநூல் வல்லுநரும் அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்ஸனும் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆஸ்பத்திரிகளிலும் காப்பகங்களிலும் தாயைப் பிரிந்திருந்த சிறு குழந்தைகளை நுணுகி ஆராய்ந்தனர். குழந்தை முதலில் அழுது ஆர்ப்பரிக்கிறது. பிறகு சோர்ந்து அடங்குகிறது. கடைசியில் எவரிடமும் ஆழமாக ஒட்டாமல் சாதாரணமாக நடமாடுகிறது. இந்த மூன்றாம் நிலையைத்தான், பிள்ளை பழகிவிட்டது என்று பெரியவர்கள் பிழையாக எண்ணிக்கொள்கிறார்கள். தாய் திரும்பி வரும்போது அக்குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. சில நாட்களோ வாரங்களோ சென்ற பின், ஒரு கணம் அவளை விடாமல் பற்றிக்கொண்டும் மறுகணம் அவள்மீது சீறிக்கொண்டும் இருக்கிறது. அந்தச் சீற்றம் வெறுப்பன்று. அறுந்த பந்தம் மறுபடி துளிர்ப்பதன் அடையாளம். அவர்கள் கண்டவை பெரும்பாலும் சில வாரப் பிரிவுகளே. இரண்டு ஆண்டு ஒப்பந்தம் முடிந்து மறு ஒப்பந்தமும் முடித்து வருகிறவள் எவ்வளவு பொறுமையோடு காத்திருக்கவேண்டும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகையால், வந்தவுடன் அம்மாயியிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கித் தன்னருகே படுக்கவைக்கும் அவசரம் ஆகாது. குழந்தைக்கு அது இரண்டாவது முறை தாயை இழப்பதாகும். அம்மாயியும், தன் பிடி தளருமோ என்ற பயத்தால் தாயைப் பற்றிப் பிள்ளையிடம் குறைகூறாதிருக்கவேண்டும். பள்ளிக்கு உடன் நடந்துபோவது, சோறு பிசைந்து வைப்பது, பாடப் புத்தகத்துக்கு உறை போட்டுக் கொடுப்பது போன்ற நித்தியச் சிறு காரியங்கள், பெட்டியில் வந்த எந்தப் பண்டத்தையும்விட வலியவை. வளர்ந்த மகனோ மகளோ கோபித்துக் கேட்டால், “ஒனக்காகத்தான் போனேன்” என்ற ஒரே பதிலால் வாயை அடைத்துவிடாமல், பிரிவால் அவர்கள் பட்டதையும் கேட்டுக்கொள்ளவேண்டும். தியாகம் உண்மை, பிள்ளையின் இழப்பும் உண்மை.

இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 10ஆம் உறுப்புரை, வேறு வேறு நாடுகளில் வாழும் பெற்றோருடன் ஒழுங்கான நேரடித் தொடர்பு கொண்டிருப்பது குழந்தையின் உரிமை என்கிறது. அந்நிய வீட்டு எஜமானி கைபேசியைப் பூட்டிவைக்கும்போது மீறப்படுவது அந்த உரிமைதான். திரும்பி வருவோரை மீள இணைப்பதற்கென்று 2015இல் வகுக்கப்பட்ட அரசின் உபகொள்கையும் உண்டு. அது லயத்து வாசலுக்கு வந்து சேரவேண்டும். ஒருத்தி புறப்படுமுன் குடும்பப் பின்னணியை விசாரிக்க வருகிற பிரதேச செயலக உத்தியோகஸ்தர், அவள் வந்த பிறகும் ஓராண்டுக் காலம் அவ்வப்போது வந்து, தாயிடமும் அம்மாயியிடமும் பிள்ளையிடமும் தனித்தனியே இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகும்படி பதுளை மாவட்ட நிருவாகமும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் ஏற்பாடு செய்யவேண்டும்.