பழம்பதிப்பின் முடிவும் தமிழாய்வும்

ஏட்டிலிருந்து நூலைப் படியெடுப்போர், மூல ஏட்டைக் கைவிடுமுன் புதுப்படியை அதனோடு ஒப்பிட்டுப் பிழை களைதல் நன்னெறி. கணிப்பொறி கொண்டு இலக்கியம் ஆய்வார்க்கும் இந்நெறி இன்று வேண்டப்படுகின்றது. பைத்தான் என்னும் நிரல்மொழியின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

பைத்தான் திறமூல மென்பொருள். அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்து கிடப்பது. 2008 திசம்பரில் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு, முந்தையதனோடு முழுதும் ஒத்துச் செல்லாதது. ஆகவே இரு பதிப்புகளும் பல்லாண்டு உடன் வழங்கின. இரண்டாம் பதிப்பின் ஆதரவு 2015இல் முடிவதாக இருந்து, பின்னர் 2020 சனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டது. 2.7.18 என்னும் இறுதி வெளியீடு 2020 ஏப்பிரலில் வந்தது. ஆதரவு முடிதலாவது, நிரல் இயங்காதொழிதல் அன்று. இனிக் காணப்படும் பிழைகளை ஆக்கியோர் திருத்தார் என்பதே பொருள். மூலநிரல் திறந்திருத்தலின் வேண்டுவோர் தாமே அதனைப் பேணலாம். ஆயின் அஃது எல்லார்க்கும் இயல்வதன்று.

இம்மாற்றம் தமிழ்ச் சொல்லை எவ்வாறு தொடுகின்றது? விருதுநகரையடுத்த சூலக்கரை என்னும் ஊர்ப்பெயரைக் கொள்வோம். சூ, ல, க், க, ரை என இதன்கண் எழுத்து ஐந்து. யூனிகோடு முறையில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியெண் பெறுதலின் குறியெண் எட்டு. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுக் கொள்ளுதலின் பைட்டு 24. இச்சொல்லின் நீளத்தை வினவின், சொல்முன் தனிக்குறி இடாதவழி, இரண்டாம் பதிப்பு 24 என்னும். மூன்றாம் பதிப்பு 8 என்னும். முன்னது பைட்டை எண்ணிற்று. பின்னது குறியெண்ணை எண்ணிற்று. ஐந்து என்னும் இலக்கண விடையை இரண்டும் தாமாகத் தாரா. எழுத்தைப் பிரித்தெண்ண ஓப்பன்-தமிழ் போன்ற தனி நிரல்தொகுப்பு வேண்டும்.

வகுத்தலிலும் வேறுபாடு உண்டு. ஒரு நூலின் 401 சீர்களை 100 அடிகளால் வகுப்பின், பழம்பதிப்பு 4 என்று முழுவெண்ணே தரும், புதியது 4.01 என்னும். அடிதோறும் நாற்சீரே என்று கொள்வாரை முன்னது மயக்கும். சீர் மிகுந்த அடி ஒன்று உண்டென்பதும், அங்கே பாடத்தை ஆராய வேண்டுமென்பதும் மறைந்துபோம். இவற்றுள் எதனையும் கணிப்பொறி பிழையென்று அறிவியாது.

ஆதலின், பழைய நிரலால் சொல்லடைவும் எண்ணிக்கையும் கண்டோர், அதனை விடுமுன் இரு பதிப்பிலும் ஒரே நூலை இயக்கி முடிவுகளை ஒப்பிடுதல் வேண்டும். ஆய்வேட்டில் நூலின் பதிப்பைக் குறிக்கும் நாம், நிரலின் பதிப்பையும் குறித்தல் கடன். இன்றேல் பின்வருவோர் நம் எண்ணை மீண்டும் காணவியலாது. மீண்டும் காணவியலா எண் சான்றாகாது.