விடுதலை கிடைத்தது, பணம் எப்போது?

ஆண்டுதோறும் பிப்ரவரி 9 வருகிறது. கொத்தடிமை முறை ஒழிப்பு நாள் என்பதால் அரசு அலுவலகங்களில் வரிசையாக நின்று உறுதிமொழி எடுப்பார்கள். பூந்தமல்லி, திருமழிசை வாசகர்களின் கடிதங்களிலோ ஒரே குழப்பம்: அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு தாங்களாகவே ரயிலேறி வந்தவர்கள் எப்படிக் கொத்தடிமை ஆவார்கள்?

ஆவார்கள். முன்பணம் வாங்கிய ஒரே காரணத்தால் ஊருக்குப் போகவோ, வேறு வேலை தேடவோ முடியாமல், அல்லது குறைந்தபட்சக் கூலிகூட இல்லாமல் உழைத்தால், 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கொத்தடிமைதான். அதிகாரிகளின் கோப்பில் இதுவே பல நேரம் 'கூலித் தகராறு' ஆகிவிடுகிறது. தகராறு என்று எழுதிவிட்டால் மாவட்டக் கணக்கில் கொத்தடிமை குறைந்துவிடும். அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டம் தொழிலாளியிடம் விடவில்லை, முதலாளியிடம் கொடுத்திருக்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சேம்பர்களுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கணவன், மனைவி, ஒரு பிள்ளை சேர்ந்தால் ஒரு கணக்கு. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. வாராவாரம் கையில் வருவது சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும். கணக்கு நோட்டு முதலாளியிடமோ மேஸ்திரியிடமோ இருக்கும். 2020 மே மாதம், ஊரடங்கின்போது, புதுக்குப்பம் சேம்பரில் அடிபட்டவர்களின் காணொளியை ஓர் இளம்பெண் கைப்பேசியில் அனுப்பிய பிறகுதான் வெளியுலகம் எட்டிப் பார்த்தது.

மீட்டவுடன் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விடுவிப்புச் சான்றிதழ் தருகிறார், கடன் ரத்தாகிறது. இதற்குப் பிறகு நடப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய். விளம்பரங்களில் இந்தத் தொகைதான் தெரியும். உடனே கிடைக்கக்கூடியது 30,000 ரூபாய் வரை மட்டுமே. மீதித் தொகையை முதலாளி மீதான வழக்கின் முடிவோடு திட்டம் முடிச்சுப் போட்டிருக்கிறது. விசாரணை முடியாவிட்டாலும் கோப்பை நிறுத்தக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. ஆனால் இறுதிப் பட்டுவாடா நீதிமன்ற நடைமுறைக்குப் பிறகுதான் என்று அடுத்த வரியே கட்டிப்போடுகிறது.

பலாங்கீரில் இருப்பவர் சாட்சி சொல்லத் திருவள்ளூருக்கு வர வேண்டும். வராவிட்டால் வழக்கு தளரும்; வழக்கு தளர்ந்தால் அவர் பணமும் தங்கும். ஆக, வாய்தா வாங்க வாங்க முதலாளிக்கு லாபம். அதற்குள் அடுத்த பருவத்துக்கான அட்வான்ஸோடு ஏஜென்ட் வாசலில் வந்து நிற்பார். கட்டுண்டு கிடந்தது உண்மை என்று அரசே சான்றிதழ் கொடுத்துவிட்ட பிறகு, குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்ததா இல்லையா என்பது பாதிக்கப்பட்டவரின் சோற்றை ஏன் தீர்மானிக்க வேண்டும்? மறுவாழ்வு இல்லாத விடுதலையால் பயனில்லை என்று நீரஜா சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984-இலேயே சொல்லிவிட்டது.

மறுவாழ்வு இல்லாமல் விடுதலை நிலைக்காது என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பூந்தமல்லி சேர்ந்திருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் டிரெமென்ஹீர், நிலமற்ற பறையர் மக்களின் நிலையை 1891-இல் அறிக்கையாக எழுதினார். ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்தது அதுதான். நிலம் தராமல் விடுதலை நிற்காது என்பதை அன்றே கண்டிருந்தார்கள்.

வாசகர் கடிதங்களில் இன்னும் சில கேள்விகள். 2030-க்குள் கொத்தடிமை முறையை ஒழித்துவிடுவார்களா? அதற்குள் 1.84 கோடிப் பேரை மீட்பதாக 2016-இல் மத்திய அரசு சொன்னது. 1978 முதல் 2023 தொடக்கம் வரை மீட்டவர்கள் சுமார் 3.15 லட்சம்.

தமிழர்கள் இதில் இல்லையா? செங்குன்றம் அரிசி ஆலைகளிலிருந்து மீட்கப்பட்ட இருளர்கள் யார்?

தண்டனை? 3 ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம்.

புகார் யாரிடம்? ஆட்சியரிடமோ ஆர்.டி.ஓ.விடமோ சொல்லலாம், தொழிலாளியே போக வேண்டியதில்லை, பார்த்தவர் யாரும் போகலாம்.