பஞ்சு கொடுத்த பூமிக்குப் பங்கு எவ்வளவு?

ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் மாட்டிக்கொள்கிறீர்களே பனியன், அதற்கும் கரிசல் காட்டுக்கும் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது சார்!

விருதுநகர், சாத்தூர் வட்டாரத்தில் இருக்கிறது இ.குமாரலிங்கபுரம். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மனசு வைத்தால் பருத்தி, மிளகாய், கம்பு, மல்லி. வைக்காவிட்டால்? இருக்கவே இருக்கு சீமைக் கருவேலம். வெட்டு, மூட்டம் போடு, கரியாக்கி வித்துடு! கிழக்கே அருப்புக்கோட்டை, திருச்சுழி வரை இதே பிழைப்புதான்.

இந்தக் கரிசல் சீமைக்கும் ஒரு 'ராஜயோகம்' அடித்தது. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அங்கிருந்து பஞ்சு வராமல் இங்கிலாந்து மில்கள் திண்டாட, இந்தியப் பஞ்சின் விலை எகிறியது. யாரோ எங்கேயோ சுட்டுக்கொண்டதில் நம்ம சம்சாரி மடியில் நாலு காசு! தூத்துக்குடியில் கப்பலேறிய தென்னாட்டுப் பஞ்சுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் 'டின்னிவெல்லி'. 1865-ல் போர் முடிந்தது, யோகமும் முடிந்தது.

அப்புறம் ரயில் வந்தது. அன்றைய விருதுபட்டி, இன்றைய விருதுநகர், பெரிய சந்தையானது. விளைவது காட்டில், விலை சொல்வது கடைத்தெருவில் என்றாகிவிட்டது.

1977-ல் அருப்புக்கோட்டையில் ஜெயித்துத்தான் எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆனார். 1985-ல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமும் கிடைத்தது. வானம் மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை! பையன்கள் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள்.

2023 மார்ச்சில் மத்திய அரசு ஏழு மாநிலங்களுக்கு 'பி.எம். மித்ரா' ஜவுளிப் பூங்காக்களை அறிவித்தது. தமிழ்நாட்டின் பங்கு குமாரலிங்கபுரத்துக்கு. 1,052 ஏக்கர்! நூற்பு, நெசவு, சாயம், தையல் எல்லாம் ஒரே வளாகத்தில் என்பது திட்டம்.

சந்தோஷம்தான். ஆனால், சாயம் என்றால் தண்ணீராச்சே! நொய்யல் கெட்ட கதை நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். ஆறு ஓடிய ஊருக்கே அந்தக் கதி என்றால், கண்மாயை நம்பிக் கிடக்கிற ஊர் தாங்குமா? கழிவுநீரைச் சுத்தம் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தியே ஆகவேண்டும்.

இன்னொன்று, வேலை. உள்ளூர்ப் பையனுக்கும் பெண்ணுக்கும் மெஷின் ஓட்ட இப்போதே கற்றுக்கொடுத்தால்தான் உள்ளே போவார்கள். இல்லையென்றால்..?

தலைமுறை தலைமுறையாகப் பஞ்சு கொடுத்த ஊருக்கு, கேட் வாசலில் வாட்ச்மேன் வேலை மட்டும் மிஞ்சிவிடக் கூடாது சார்!