புகையும் விறகுதான்

அடுப்புப் புகைந்தால் நாங்கள் என்ன செய்கிறோம்? ஊதுகுழலை எடுத்து ஊதுகிறோம். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கிறோம். மடியில் இருக்கும் பிள்ளையை அப்பால் போகச் சொல்கிறோம். அந்தப் புகை என்ன பொருள் என்று யோசிக்க எங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். சகோதரிகளே, அந்தப் புகை நீங்கள் தலையில் சுமந்து வந்த விறகு. எரியாமல் தப்பிப் போகும் விறகு.

விறகுக்காக நடந்த தூரம்

வன்னியில் வாழ்ந்த எங்களுக்கு விறகு சும்மா கிடைத்த பொருள் அல்ல. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயை மருந்துபோல் அளந்து பாவித்தோம். சமையலுக்கு மூன்று கல்லும் விறகும்தான். இடம்பெயர்ந்த ஒவ்வொரு இடத்திலும் கொட்டில் போடுவதற்கு முன்னமே மூன்று கல்லைத் தேடினோம். 2009இல் செட்டிகுளம் நலன்புரி நிலையத்திலும் தறப்பாளுக்கு முன்னால் புகைக்குள் இருந்துதான் சமைத்தோம். மீள்குடியேறிய பிறகு காட்டோரம் விறகு பொறுக்கப் போனால் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள் நின்றன. அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே விறகு பொறுக்கியவர்கள் எங்களில் எத்தனை பேர்!

எரிவாயு வந்தது; ஆனால் நிலைக்கவில்லை. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றின் விலை 4,860 ரூபாவாக ஏறியது. அந்த விலைக்கும் கிடைக்காமல் சனம் வரிசையில் நின்றது. அப்போது பட்டணத்துப் பெண்களும் விறகடுப்புக்குத் திரும்பினார்கள்.

என்னுடைய அம்மா வாழ்நாளில் ஒரு சுருட்டுக்கூடப் பிடித்ததில்லை. ஆனால் கடைசிப் பத்து வருடமும் முட்டு வருத்தத்தோடுதான் கழிந்தது. ஆசுப்பத்திரியில் வைத்தியர், “என்ன அடுப்பில் சமைக்கிறீர்கள் அம்மா?” என்று கேட்டபோது அவருக்கு அது புதினமாக இருந்தது. “அடுப்புக்கும் நெஞ்சுக்கும் என்ன பிள்ளை தொடர்பு?” என்று வீடு வரும்வரை என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். தொடர்பு உண்டு. வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணித்திருக்கிறது. அவர்களில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

விறகு எப்படி எரிகிறது?

விறகு நேரடியாக எரிவதில்லை. சூடேறும்போது முதலில் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிறது. பிறகு விறகு உடைந்து வாயுவாகவும் தாராகவும் வெளியேறுகிறது. நாங்கள் காணும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். மிஞ்சுவது கரி. காய்ந்த விறகின் நிறையில் ஐந்தில் நான்கு பங்கு இப்படி வாயுவாகப் போய்விடும். அந்த வாயுவுக்குப் போதிய சூடும் காற்றும் கிடைத்தால் அது சுவாலையாகிச் சோற்றை வேக வைக்கும். கிடைக்காவிட்டால் புகையாகி எங்கள் நெஞ்சுக்குள் போகும்.

குளிர் நாடுகளில் இதே பிரச்சினை வேறு விதமாக இருந்தது. கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளின் கிராமப்புறங்களில் சிலர் வீட்டுக்கு வெளியே, சிறு கொட்டில் போன்ற பெரிய கொதிகலனை வைத்திருப்பார்கள். அதில் விறகை எரித்தால் சுற்றியிருக்கும் தண்ணீர் சூடாகும். அந்தச் சுடுநீர் நிலத்துக்குக் கீழே போட்ட குழாய் வழியாக வீட்டுக்குள் போய் அறைகளைச் சூடாக்கும். பழைய கொதிகலன்களில் நெருப்பைச் சுற்றித் தண்ணீர் இருந்ததால் வாயு எரியுமுன் ஆறிப்போனது. வீட்டுக்காரருக்குச் சூடு, அயலவருக்குப் புகை. முறைப்பாடுகள் பெருகின. அமெரிக்க அரசு 2015இல் இவற்றின் புகைக்கு அளவு வைத்து, 2020இல் அந்த அளவை மேலும் இறுக்கியது.

புதிய வகைக் கொதிகலன்களில் மேலறையில் விறகு வெந்து வாயுவாகும். அந்த வாயு கீழே உள்ள துவாரத்தின் வழியாக இழுக்கப்பட்டு, சூளைக் கல்லால் கட்டிய இன்னோர் அறையில் ஆயிரம் பாகை செல்சியஸ் அளவில் எரியும். அதன் பிறகுதான் சூடு தண்ணீரைச் சேரும். புகைபோக்கியில் புகை பெரிதாகத் தெரியாது. விறகும் குறைவாகச் செலவாகும்.

எங்களுக்கு வீட்டைச் சூடாக்கத் தேவையில்லை. ஆனால் புகையை எரிக்கும் அந்த வேலையை ஒரு சின்ன அடுப்பும் செய்யும்.

மேலிருந்து கொளுத்தும் அடுப்பு

1980களில் அமெரிக்கரான தோமஸ் ரீட் என்பவரும், உகாண்டாவில் பணிபுரிந்த நோர்வேக்காரரான போல் வென்டெல்போ என்பவரும் தனித்தனியே இந்த அடுப்பைக் கண்டார்கள். வென்டெல்போவின் அடுப்புக்குப் பெயர் ‘பெக்கோ பே’. அங்குள்ள அச்சோலி மொழியில் ‘பிரச்சினை இல்லை’ என்று பொருள்.

இதற்கு இரண்டு தகரப் பேணிகள் வேண்டும். ஒன்று சிறியது, மற்றது அதைச் சுற்றி ஓர் அங்குலமாவது இடைவெளி விடும் அளவுக்குப் பெரியது. சிறிய பேணியின் அடியில் ஆணியால் பத்துப் பதினைந்து சிறு துளைகள் இடுங்கள். மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே சுற்றிவர ஒரு வரிசை பெரிய துளைகள் இடுங்கள். பெரிய பேணியின் பக்கங்களில், அடிப்பகுதியில், காற்றுப் புகத் துளைகள் வேண்டும். சிறிய பேணியின் அடித்துளைகள் அடைபடாதபடி இரண்டு சிறு கற்களின் மேல் அதை உள்ளே வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மேலே ஒரு தகர வளையத்தால் மூடிவிடுங்கள். பானை சுவாலையை அமுக்காமல் ஓர் அங்குலம் உயர்ந்திருக்க மூன்று இரும்புத் துண்டுகள் போதும்.

விரல் அளவு நறுக்கிய காய்ந்த விறகு, சிரட்டைத் துண்டு, பனை மட்டைத் துண்டு எதையும் மேல் துளைகளுக்குக் கீழே நிற்கும்படி நிரப்பலாம். கீழே அல்ல, மேலே கொளுத்த வேண்டும். காய்ந்த பன்னாடை நன்றாகப் பற்றும். நெருப்பு மெல்ல மெல்லக் கீழிறங்க, அடியிலிருந்து வரும் கொஞ்சக் காற்று விறகை வாயுவாக்கும். சுவர்களுக்கு நடுவே சூடாகி ஏறிய காற்று மேல் துளைகளால் வந்து அந்த வாயுவை எரிக்கும். எரிவாயு அடுப்பைப் போல வட்டமாகச் சுவாலை வரும். பானையின் அடியும் அவ்வளவாகக் கரி பிடிக்காது.

சமையல் முடிய அடியில் கரி மிஞ்சும். அதைத் தண்ணீர் தெளித்து அணைத்துச் சேர்த்து வைத்தால் இன்னொரு நாள் பாவிக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

நாகப் பூச்சுள்ள தகரத்தைப் பாவிக்காதீர்கள். கடும் சூட்டில் நச்சுப் புகை வரும். பெயின்ற் பேணியாக இருந்தால் முதலில் வெளியில் வைத்து வெறுமையாக எரித்து, ஒட்டியிருப்பதைப் போக்குங்கள். மெல்லிய தகரம் சில மாதங்களில் ஓட்டையாகும். தடித்த இரும்பில் செய்யச் சொல்லி ஊர்க் கொல்லரிடம் கேட்டால் நெடுநாள் உழைக்கும்.

நடுவில் சுவாலை அணைந்தால் வெள்ளைப் புகை திரண்டு வரும். அது எரியாத வாயு. உடனே எரியும் கடதாசித் துண்டொன்றை மேலே காட்டுங்கள், மறுபடி பற்றிக்கொள்ளும். எரிந்துகொண்டிருக்கும் அடுப்புக்குள் விறகைத் திணிக்காதீர்கள். பெரிய சமையலுக்கு இரண்டு அடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுக் குடும்பத்தின் பெரிய பானைக்கு இந்தப் பேணி அடுப்புத் தாங்காது.

எல்லாவற்றிலும் முக்கியமானது: இந்த அடுப்பையோ தணல் கரியையோ பூட்டிய அறைக்குள் வைக்க வேண்டாம். மணமும் நிறமும் இல்லாத காபனோரொட்சைட்டு நித்திரையிலேயே உயிரைப் பறிக்கும். மழை நாளிலும் கதவு, யன்னலைத் திறந்து வையுங்கள்.

அடுப்பை மாற்ற முடியாதவர்களுக்கு

இரண்டு வாயுள்ள ‘அனகி’ களிமண் அடுப்பு 1980களிலிருந்து எங்கள் நாட்டில் செய்யப்பட்டு வருகிறது. மூன்று கல் அடுப்பைவிடக் குறைந்த விறகு போதும்; ஒரே நெருப்பில் சோறும் கறியும் வேகும்.

அதுவும் இல்லையென்றால் விறகையாவது காய வையுங்கள். பச்சை விறகின் நிறையில் பாதியளவு தண்ணீர். நீங்கள் சுமந்து வந்த கட்டில் பாதி தண்ணீர் என்று நினைத்துப் பாருங்கள்! அந்தத் தண்ணீரை ஆவியாக்கிய பிறகுதான் நெருப்புச் சோற்றுப் பானையைக் கவனிக்கும். விறகைச் சிறிதாகப் பிளந்து, கிடுகுக் கூரையின் கீழ், நிலத்தில் முட்டாமல் இரண்டு மரக்கட்டையின் மேல் அடுக்கி, காற்றோட விட்டு, மாரி தொடங்குமுன் காயவிடுங்கள். அடுப்புக்குள் அள்ளித் திணிக்காமல் விறகுக்கு அடியால் காற்றுப் போக இடம் விடுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

வீடு கட்டிக் கொடுக்க வருபவர்கள் கூரையைக் கேட்கிறார்கள், கிணற்றைக் கேட்கிறார்கள், மலசலகூடத்தைக் கேட்கிறார்கள். அவை எல்லாம் தேவைதான். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் நீங்கள் எழும்பி, “எங்கள் குசினிக்குப் புகைபோக்கியும் நல்ல அடுப்பும் வேண்டும்” என்று சொல்லுங்கள். நாளுக்கு மூன்று வேளை நெருப்புக்கு முன்னால் இருப்பவர் நீங்கள். உங்கள் மூச்சும் அந்த வீட்டின் சொத்துத்தான்.