சக்கரம் பெரிதானால் என்னென்ன மாறும்?

அமெரிக்கச் சாலைகளில் ‘பிக்கப்’ என்னும் வண்டியை எங்கும் காணலாம். முன்பாதி கார்போல மூடியிருக்கும்; பின்பாதி சிறு லாரிபோலத் திறந்திருக்கும். பண்ணைக்காரர் அதில் வைக்கோல் ஏற்றுவார். கட்டட வேலைக்காரர் மணலும் மரமும் ஏற்றுவார். இவற்றுள் அதிகப் பாரம் சுமக்கவும், பின்னால் டிரெய்லரைக் கட்டி இழுக்கவும் தக்கபடி வலுவாகச் செய்யப்படுபவை ‘ஹெவி டியூட்டி’ பிக்கப்புகள். ஃபோர்டு எஃப்-250, ராம் 2500, செவ்ரலே சில்வராடோ 2500 ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

இவற்றை வாங்குவோர் பலர், தொழிற்சாலையில் பொருத்திய சக்கரங்களைக் கழற்றிவிட்டு இன்னும் பெரியவற்றை மாட்டிக்கொள்கிறார்கள். சக்கரத்துக்கு எட்டு நட்டுகள்; கழற்றி மாட்டுவது பெரிய வேலையன்று. ஆனால் அவர்கள் மாற்றுவது சக்கரத்தை மட்டும்தானா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டயரில் எழுதியிருக்கும் கணக்கு

இத்தகைய பிக்கப்பின் டயரில் ‘எல்.டி. 275/70 ஆர் 18’ என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். எல்.டி. என்பது சிறு லாரிக்குரிய டயர் என்பதைக் குறிக்கும். 275 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 70 சதவீதம் என்பதைக் காட்டும். ஆர் என்றால் ரேடியல் டயர். 18 என்பது நடுவிலுள்ள உலோகச் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில்.

பக்கச் சுவரின் உயரம் 275-இல் 70 சதவீதம், அதாவது 192.5 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆக 385 மி.மீ. 18 அங்குலம் என்பது 457 மி.மீ. இரண்டையும் கூட்டினால் டயரின் விட்டம் 842 மி.மீ., அதாவது ஏறத்தாழ 33 அங்குலம்.

இதற்குப் பதிலாக 37 அங்குல டயரை மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதன் விட்டம் 940 மி.மீ. பழைய டயர் ஒரு முறை சுழன்றால் வண்டி 2.65 மீட்டர் நகரும். புதிய டயர் ஒரு முறை சுழன்றால் 2.95 மீட்டர் நகரும். ஒவ்வொரு சுற்றுக்கும் 30 சென்டிமீட்டர் கூடுதல். விகிதம் 1.116. இந்த ஓர் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய சக்கரத்தின் நன்மை

கரடுமுரடான பாதையில் பெரிய சக்கரம் நன்மையே செய்கிறது. யூட்டா மாநிலத்தில் மோவாப் என்ற ஊரைச் சுற்றியுள்ள பாறைப் பாதைகளில் வண்டி ஓட்டுவது பலருக்குப் பொழுதுபோக்கு. அங்கே வண்டியின் அடிப்பகுதி கல்லில் இடிக்காமல் இருக்கவேண்டும். ஸ்பிரிங்கின்மேல் கட்டை வைத்து உடலை உயர்த்தலாம். ஆனால் இரு சக்கரங்களையும் இணைக்கும் அச்சு உயராது. அச்சை உயர்த்தச் சக்கரத்தின் ஆரம் கூடவேண்டும். நம் கணக்கில் அது 49 மி.மீ. கூடுகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. 15 சென்டிமீட்டர் உயரப் படிக்கல் ஒன்று சக்கரத்துக்கு எதிரே இருக்கிறது. சக்கரம் நசுங்காது என்று கொண்டால், அச்சைக் கிடைமட்டமாக இழுத்து அதை ஏற்றுவதற்கு, அந்தச் சக்கரத்தின்மேல் உள்ள எடையைப்போல் 1.19 மடங்கு விசை பழைய சக்கரத்துக்கு வேண்டும். புதியதற்கு 1.08 மடங்கு போதும். பள்ளமும் மேடுமான பாதையில் ஓடும் மாட்டுவண்டிக்கு நம் தச்சர்கள் பெரிய சக்கரம் வைத்ததன் பயனும் இதுவே.

ஏமாறும் ஸ்பீடோமீட்டர்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். ஸ்பீடோமீட்டர் சாலையைப் பார்ப்பதில்லை, சுழற்சியைத்தான் எண்ணுகிறது. ஒரு சுற்றுக்கு 2.65 மீட்டர் என்பது அதற்குச் சொல்லிவைத்த பாடம். புதிய டயரைப் போட்ட பிறகும் அது பழைய பாடத்தையே ஒப்பிக்கும். முள் 100 கிலோமீட்டரைக் காட்டும்போது வண்டி உண்மையில் 111.6 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரிலும் இதே பிழை வரும். அது 10,000 கிலோமீட்டர் காட்டினால் வண்டி 11,160 கிலோமீட்டர் ஓடியிருக்கும்.

முன்பெல்லாம் கியர்பெட்டியிலிருந்து வரும் கேபிள்தான் ஸ்பீடோமீட்டரை இயக்கியது. கேபிளின் முனையிலுள்ள சிறு பற்சக்கரத்தை மாற்றினால் கணக்குச் சரியாகிவிடும். இன்றைய வண்டிகளிலோ வண்டிக்குள் இருக்கும் கணினிக்குப் புதிய டயரின் அளவைச் சொல்லியாகவேண்டும்.

எதிராகத் திரும்பும் நெம்புகோல்

சக்கரமும் ஒரு நெம்புகோல்தான். எஞ்சின் அச்சைத் திருக, டயர் சாலையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்தத் தள்ளுவிசை எவ்வளவு? அச்சின் திருப்புத்திறனை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். திருப்புத்திறன் 6,000 நியூட்டன்-மீட்டர் என்று கொள்வோம். ஆரம் 0.421 மீட்டராக இருந்தபோது விசை சுமார் 14,250 நியூட்டன். ஆரம் 0.470 மீட்டரானதும் அது 12,770 நியூட்டனாகக் குறைந்துவிடுகிறது. எஞ்சின் அதேதான்; இழுக்கும் வலுவில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது! டிரெய்லரைக் கட்டிக்கொண்டு மலையேறும்போது இது நன்றாகத் தெரியும்.

இதற்கு மாற்று, கிரௌன்-பினியன் பற்சக்கரங்களை மாற்றுவது. விகிதம் 3.73 என்றால், எஞ்சினிலிருந்து வரும் தண்டு 3.73 முறை சுழலும்போது சக்கரம் ஒரு முறை சுழல்கிறது என்று பொருள். பெரிய டயருடன் இது 3.34 போல வேலை செய்யும். பழைய வலு திரும்பவேண்டுமானால் 3.73-ஐ 1.116-ஆல் பெருக்கவேண்டும், 4.16 வருகிறது. ஆகவே கடைகளில் கிடைக்கும் 4.10 அல்லது 4.30 விகிதத்தைப் பொருத்துகிறார்கள்.

எடையையும் மறக்கக்கூடாது. வண்டியில் ஏற்றிய பாரம் முன்னோக்கி மட்டும் நகர்கிறது. டயரின் ரப்பரோ முன்னோக்கியும் நகர்கிறது, சுழலவும் செய்கிறது. அதனால் டயரின் வெளிவட்டத்தில் கூடும் ஒரு கிலோவை வேகமெடுக்கச் செய்ய, பாரமாக ஏற்றிய ஒரு கிலோவுக்கு ஆவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றல் செலவாகும்.

பிரேக்குக்கு வரும் சோதனை

ஓட்டத்துக்குச் சொன்னது நிறுத்தத்துக்கும் பொருந்தும். பிரேக்கின் வட்டத்தட்டு பழைய அளவிலேயே இருக்கிறது. அதை எதிர்க்கும் சக்கரத்தின் ஆரமோ நீண்டுவிட்டது. முன்போல நிற்கவேண்டுமானால் பெடலை இன்னும் அழுத்தி மிதிக்கவேண்டும்.

இதோடு ஸ்பீடோமீட்டரின் பிழையும் சேர்ந்தால் ஆபத்து. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று படித்திருக்கிறீர்கள். 1.116-இன் வர்க்கம் 1.245. முள் காட்டுவது 100-தான். ஆனால் பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 25 சதவீதம் அதிகம். வேகம் வினாடிக்கு 5 மீட்டர்/வினாடி வீதம் குறைவதாகக் கொண்டால், உண்மையான 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 77 மீட்டரில் நிற்கும், 111.6 கிலோமீட்டர் வேகத்திலோ 96 மீட்டரில்தான் நிற்கும். கூடுதலான 19 மீட்டர் என்பது நான்கு கார்களின் நீளம். ஓட்டுநர் 100-இல் போவதாகவே நம்பிக்கொண்டிருப்பார்!

உயரமும் பாரமும்

டயர் பெரிதானதால் வண்டி உயர்கிறது. டயர் உடலில் உரசாமலிருக்க உடலையும் உயர்த்துகிறார்கள். புவியீர்ப்பு மையம் மேலே போகப்போக, திடீர்த் திருப்பத்தில் வண்டி கவிழும் வாய்ப்பு கூடும்.

பெரிய டயர் அதிகப் பாரம் தாங்கும் என்று எண்ணுவதும் தவறு. பாரத்தைத் தாங்குவது டயரின் கட்டுமானமும் உள்ளே அடைத்த காற்றின் அழுத்தமும். அதற்கென ஒரு குறியீட்டு எண்ணை டயரிலேயே பொறித்திருப்பார்கள். 125 என்றால் 1,650 கிலோ. 124 என்றால் 1,600 கிலோ. பெரிய டயரில் இந்த எண் குறைவாகவும் இருக்கக்கூடும். அளவைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்கவேண்டும்.

ஒன்றை மாற்றினால்...

மிஸ்ஸௌரி மாநிலத்துப் பாப் சாண்ட்லர் 1974-ஆம் ஆண்டு மாடல் ஃபோர்டு எஃப்-250 பிக்கப் ஒன்று வைத்திருந்தார். ஆக்ஸிலரேட்டரைப் பலமாக மிதிக்கும் அவருடைய பழக்கத்தால், 1970-களின் இறுதியில் அந்த வண்டிக்குப் ‘பிக்ஃபுட்’ (பெரும்பாதம்) என்று பெயர் வந்தது. அவர் மேலும் மேலும் பெரிய டயர்களைப் போட்டுக்கொண்டே போனார். டயரோடு வேலை முடியவில்லை. அச்சுகளை எடுத்துவிட்டு, இராணுவ வண்டிகளின் கனத்த அச்சுகளைப் பொருத்தவேண்டியிருந்தது. 1981-இல் அந்த வண்டி பழைய கார்களின்மேல் ஏறி அவற்றை நசுக்கிக் காட்டியது. ‘மான்ஸ்டர் டிரக்’ என்னும் விளையாட்டு வளர்ந்தது இப்படித்தான். 1986-இல் அவர் கட்டிய பிக்ஃபுட் 5 வண்டியின் டயர்கள் 10 அடி உயரம்!

சாண்ட்லரின் வண்டி காட்டும் உண்மை எளியது. பற்சக்கரம், பிரேக், அச்சு, ஸ்பீடோமீட்டர் எல்லாம் ஒரே ஆரத்தை மனத்தில் கொண்டு கணக்கிடப்பட்டவை. ஆரத்தை மாற்றுகிறவர் மற்றக் கணக்குகளையும் திருத்தியாகவேண்டும்; இல்லாவிட்டால் அந்தக் கணக்கைச் சாலையில் வைத்துத் தீர்க்கவேண்டிவரும்.

நீங்களும் செய்து பாருங்கள்: மிதிவண்டி டயரில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, வண்டியை மெல்லத் தள்ளுங்கள். கோடு தரையில் பதித்த இரு அடையாளங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்து, 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். பிறகு இதற்கு விடை காணுங்கள்: நாம் பார்த்த பிக்கப்பில் 842 மி.மீ. டயருக்குப் பதில் 889 மி.மீ. (35 அங்குல) டயரைப் போட்டால், முள் 90 காட்டும்போது உண்மை வேகம் என்ன? ஏறத்தாழ 95 என்று வந்தால் உங்கள் கணக்குச் சரி.