வானில் கரணம் – 14: கைக்கு எட்டாத திருகு

உடல் டேங்கையும், விமானம் தலைகீழானாலும் எரிபொருளைத் தேடிப் புரளும் குழாயையும் சென்ற வாரம் பார்த்தோம். அடுத்தது, எந்த டேங்கிலிருந்து எஞ்சினுக்கு எரிபொருள் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் திருகு: ஃப்யூயல் செலக்டர்.

பழைய பைக் ஓட்டியவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். வண்டி திக்கித் திணறும்போது இடது கை தானாகக் கீழே போய் ரிசர்வுக்குத் திருப்பும். கண் சாலையை விட்டு அகலாது. எக்ஸ்ட்ரா 300 போன்ற விமானங்களில் பயணத்துக்கு இறக்கை டேங்க், கரணத்துக்கு உடல் டேங்க். மாற்ற வேண்டிய விமானியோ இருக்கைப் பட்டைகளால் இறுகக் கட்டுண்டு கிடக்கிறார். முன்னால் குனியவே முடியாது. அந்த நிலையிலும் பார்க்காமலே கை போய்ச் சேரும் இடத்தில் திருகு இருக்க வேண்டும்.

அதை எப்படிச் செய்வது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கிடையில் கையில் எடுத்த ஒரு விபத்து அறிக்கை என்னை விடவில்லை.

1997 அக்டோபர் 12. கலிபோர்னியாவின் மான்ட்டரே விரிகுடா. ‘கன்ட்ரி ரோட்ஸ்’ பாடிய ஜான் டென்வர், புதிதாக வாங்கிய லாங்-ஈஸி விமானத்தில் தனியாகப் பறந்தார். அது கரண விமானமல்ல. பர்ட் ரூட்டன் வடிவமைத்த, வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் ரகம். ரூட்டனின் வரைபடத்தில் திருகு விமானியின் கால்களுக்கு நடுவே இருந்தது. கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். எந்தப் பக்கம் எந்த டேங்க் என்ற குறியும் இல்லை.

எட்டவில்லை என்பது டென்வருக்குத் தெரியும். புறப்படும் முன் ஒரு மெக்கானிக்குடன் சேர்ந்து, கைப்பிடியில் பிளையரைக் கவ்வவைத்து நீட்டிப் பார்த்தார், பயன்படவில்லை. பின்னாலிருந்த எரிபொருள் அளவைப் பார்க்க ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். எரிபொருள் நிரப்பவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார்.

என்னை உலுக்கியது அடுத்து வரும் செய்தி. விபத்துக்குப் பின் அதே ரக விமானத்தில் விசாரணையாளர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். பின்னால் திரும்பித் திருகைப் பிடிக்க உடல் முறுகும்போது, வலது கால் தன்னையறியாமல் வலது ரடர் பெடலை அழுத்துகிறது! எஞ்சினைக் காப்பாற்ற நீட்டிய கை, விமானத்தையே திசை திருப்பிவிடுகிறது. எட்டாத இடத்தில் வைத்த குறியில்லாத திருகை விபத்துக்கான காரணங்களுள் ஒன்றாக 1999-இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அறிவித்தது. டென்வர் அனுபவமுள்ள விமானி. ஆனால் அந்த ரகம் அவருக்குப் புதிது.

தொழிற்சாலையில் சான்றிதழோடு வரும் சிறு விமானங்களுக்கு அமெரிக்காவில் இதற்கெல்லாம் விதி எழுதி வைத்திருந்தார்கள். இருக்கையை நகர்த்தாமல் திருகு கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைக்கு எட்ட வேண்டும். ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது ‘ஆஃப்’ குறுக்கே வரக் கூடாது. ‘ஆஃப்’ சிவப்பில் இருக்க வேண்டும். வீட்டில் கட்டும் விமானத்தை இந்த விதி கட்டுப்படுத்தவில்லை.

தண்டு நீட்டிக் கைப்பிடியை அருகே கொண்டுவரும் முறையும், இணைப்புகள் தளர்ந்தால் கைப்பிடி ஒன்று காட்ட வால்வு வேறிடத்தில் நிற்கும் ஆபத்தும் அடுத்த வாரம்.

அதுவரை, விமானப் பயிற்சியில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தரையில் நிற்கும்போதே பட்டையை இறுக்கி, கண்ணை மூடி, திருகைத் தேடிப் பாருங்கள். கை தடுமாறினால் அந்த விமானத்தில் ஏறாதீர்கள்.