மகராசனமும் மகராசியும்

2014ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, ஜூன் 21ஆம் நாளைப் பன்னாட்டு யோகா நாளாக அறிவித்தது. 2015 முதல் அந்நாளில் நம் சேலம், நாமக்கல் வட்டாரப் பள்ளிகளிலும் பாய் விரித்து அமர்கிறோம். ஆசிரியை சொல்வதையெல்லாம் செய்கிறோம். ஆனால் அவர் சொல்வது நமக்கு விளங்குகிறதா? விளங்காத சில சொற்கள் சிரிப்போடு போய்விடும். சில சொற்களோ கழுத்தையும் முழங்காலையும் பதம் பார்த்துவிடும்.

சிரிப்புக்குரியவற்றை முதலில் பார்ப்போம். வேதாத்திரி மகரிஷி (1911-2006) வகுத்த எளியமுறை உடற்பயிற்சி கொங்கு நாட்டில் நன்கு பரவிய ஒன்று. அதில் மகராசனம் என்று ஒரு பயிற்சி உண்டு. "மகராசியா இரு கண்ணு" என்று வாழ்த்தும் பாட்டிமாரிடம் வளர்ந்த நமக்கு, அது மகராசன் வீற்றிருக்கும் ஆசனம் என்றே தோன்றும். தரையில் படுக்கச் சொன்னதும் திகைப்போம்! மகரம், ஆசனம் என்று பிரிக்க வேண்டும். மகரம் என்பது முதலை.

அர்த்த சக்கராசனத்தில் 'அர்த்தம்' தேட வேண்டாம். வடமொழியில் பாதி என்பதற்கும் பொருள் என்பதற்கும் வெவ்வேறு எழுத்துகள் உண்டு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இங்கே அது பாதிச் சக்கரம். புஜங்காசனத்தில் வருவது புஜம் அன்று, புஜங்கம் என்னும் பாம்பு. உட்டியாண பந்தம் என்றதும் அம்மாவின் ஒட்டியாணம் நினைவுக்கு வரும். வடசொல்லுக்கு மேலே பறத்தல் என்று பொருள். மூச்சை முழுதும் வெளியேற்றி, வயிற்றை உள்ளும் மேலுமாக இழுப்பது. பந்தம் என்றால் கட்டு. தீப்பந்தமும் அல்ல, சொந்தபந்தமும் அல்ல!

பிராணன் என்ற சொல்லில்தான் குழப்பம் மிகுதி. பழைய அறிவியல் பாடநூல்களில் பிராணவாயு என்றால் ஆக்சிஜன். யோக நூல்களிலோ பிராணன் என்பது உயிராற்றல். "பிராணனை விரல் நுனிக்குக் கொண்டு செல்லுங்கள்" என்பது மனத்தை அங்கே நிறுத்துவதற்கான சொல். ஆக்சிஜனை விரல் நுனிக்குக் கொண்டு செல்வது இரத்தம். அதற்கு நம் உத்தரவு தேவையில்லை.

"மூச்சை வயிற்றுக்குள் இழுங்கள்" என்பதும் அத்தகையதே. காற்று நுரையீரலுக்கு மட்டுமே செல்லும். நுரையீரலுக்குக் கீழே குடை போல் கவிந்திருக்கும் உதரவிதானம் என்னும் தசை, மூச்சு வாங்கும்போது கீழிறங்குகிறது. அது குடலையும் இரைப்பையையும் அழுத்துவதால் வயிறு முன்னே வருகிறது. இதை அறியாத பெண் வயிற்றை வலிந்து உப்ப வைப்பாள். மூச்சோ மார்பிலேயே நின்றுவிடும்.

"முதுகெலும்பு கோல் போல் நிற்கட்டும்" என்பார்கள். கழுத்திலும் இடுப்பிலும் முதுகெலும்பு இயற்கையாகவே முன்னோக்கி வளைந்திருக்கும். கூன் போடாதே என்பதே அச்சொல்லின் பொருள்; அந்த வளைவுகளையும் நிமிர்த்தப் பார்த்தால் நோவுதான் மிஞ்சும்.

பத்மாசனத்தில் "முழங்காலைத் தரையில் பதியுங்கள்" என்னும்போது இன்னும் விழிப்பு வேண்டும். முழங்கால் பெரும்பாலும் கதவுக் கீல் போல மடங்கி நீளும் மூட்டு. தொடை திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டில். அங்கே திரும்பாததை முழங்காலைக் கையால் அமுக்கிச் சாதிக்கக் கூடாது. சம்மணமிட்டு அமர்வதே அன்றைக்குப் போதும்.

"வலிக்கும் இடத்துக்கு மூச்சை அனுப்புங்கள்" என்ற சொல்லையும் அப்படியே கொள்ளலாகாது. மெல்ல மூச்சு விட்டால் இறுகிய தசை சற்றுத் தளரும், அவ்வளவே. சுருக்கென்ற வலியோ மரத்துப் போதலோ வந்தால், மூச்சை அங்கே அனுப்பிவிட்டுப் பல்லைக் கடித்திருப்பது பொறுமை ஆகாது. ஆசனத்திலிருந்து மெதுவாக வெளிவந்து, ஆசிரியையிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். கும்பகம், அதாவது குடம் போல் மூச்சை உள்ளே நிறுத்துவதும் அப்படியே: இதயக் கோளாறு, ஆஸ்துமா, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதைச் செய்யலாகாது. பெற்றோர் இதை முன்கூட்டியே ஆசிரியையிடம் தெரிவித்துவிடுவது நல்லது.

கடைசியாக வருவது சவாசனம். "புள்ளைகளப் பொணமாட்டம் படுக்க வைக்கறாங்களே!" என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்றோ என்னவோ, பலர் அதைச் சாந்தியாசனம் என்கிறார்கள். நமக்கு மிகவும் பிடித்த ஆசனமும் அதுதான். "தூங்காதீர்கள்" என்ற ஒரு சொல்லைத்தான் அதில் யாரும் கேட்பதில்லை.